புள்ளிக்குக் காசு இல்லை

பாத்திரத்தில் பெயர் வெட்டுகிறவர்கள் திருநெல்வேலி டவுனில் இன்னும் இருக்கிறார்கள். நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஏதாவது ஒரு பாத்திரக் கடை வாசலில் ஒரு முக்காலி, ஒரு மரக்கட்டை, கையில் கருவி. முன்பெல்லாம் சிறு உளியும் சுத்தியலும் வைத்துப் புள்ளி புள்ளியாகத் தட்டி எழுதுவார்கள். இப்போது மின்சாரத்தில் அதிரும் ஊசி. கூலி மட்டும் பழைய கணக்கிலேயே ஓடுகிறது: எழுத்துக்கு இவ்வளவு. நான் போய் நின்றபோது, மகளின் சீர்ப் பாத்திரங்களோடு வந்த ஓர் அம்மா விரல் விட்டு எழுத்தை எண்ணிக்கொண்டிருந்தார்.

"புள்ளியையும் சேத்தா எண்ணுதிய?"

"எழுத்துக்குத்தாம்மா காசு. புள்ளிக்குக் காசு இல்ல, அத நான் சும்மா வச்சுத் தாரேன்."

என் கவலையும் புள்ளியைப் பற்றியதுதான். துணிப்பைக்குள் இருந்த தூண்டில் கம்பின் அடிப்பாகத்தை எடுத்துப் பெயர் வெட்டுகிற அண்ணாச்சியிடம் நீட்டினேன். கைப்பிடிக்கு மேலே ஒரு சாண் இடம் வெறுமையாக விட்டிருந்தது. அந்த இடத்தில் ஒரு பெயர் வர வேண்டும், தமிழில். அவர் கம்பை உருட்டிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். "பைபரா? வெட்டிருவோம்" என்று ஊசியை எடுத்துவிட்டார்.

வெட்டக் கூடாது. எவர்சில்வர் சொம்பில் விழும் கீறல் வெறும் கீறல்தான். கண்ணாடி இழையோ கார்பன் இழையோ கொண்டு செய்த கம்பில் அது வேறு சங்கதி. நெடுக ஓடும் மெல்லிய இழைகள்தான் மீனின் இழுப்பைத் தாங்குகின்றன. அவற்றின் குறுக்கே ஒரு வெட்டு விழுந்தால், என்றைக்காவது பெரிய விரால் ஒன்று வளைத்து இழுக்கும்போது கம்பு அந்த இடத்தில்தான் முறியும். அதனால் தூண்டில் கம்பில் எழுத்து மேலேதான் உட்கார வேண்டும். அதற்கு மேல் கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு. இதைச் சொன்னதும் அண்ணாச்சி ஊசியைக் கீழே வைத்தார். "வெட்டலன்னா அது எழுத்து இல்ல சார், ஒட்டு" என்றார்.

அவர் சொன்னதற்கு ரொம்பப் பழைய சாட்சியம் இருக்கிறது. கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் 'ஆதன்', 'குவிரன் ஆதன்' என்று பெயர்களைக் கீறி வைத்திருக்கிறார்கள். யாருடைய பானை என்பது வீட்டுக்குள்ளேயே தெரிய வேண்டியிருந்திருக்கிறது. என் பாட்டி வீட்டு அண்டாவிலும் பெயர் உண்டு. அதில் 'லை' பழைய தும்பிக்கை வைத்த 'லை'. 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றதற்கு முந்தைய பாத்திரமாக இருக்கும் என்று அந்த ஒரு எழுத்தை வைத்தே ஊகிக்கலாம். ஆனால் பாத்திரத்தில் இருப்பது வைத்திருப்பவரின் பெயரோ கொடுத்தவரின் பெயரோதான். செய்தவரின் பெயரைப் பாத்திரத்தில் நான் பார்த்ததே இல்லை. தூண்டில் கம்பு உலகத்தில் வழக்கம் இதற்கு நேர்மாறு.

இங்கிலாந்தின் ஆனிக் என்ற ஊரில் 1872-இல் தொடங்கிய ஹார்டி சகோதரர்கள், மூங்கிலைப் பட்டை பட்டையாகக் கீறி, சீவி, ஆறு பட்டையாக ஒட்டிச் செய்த கம்புகளைப் 'பாலகோனா' என்ற பெயரில் விற்றார்கள். கைப்பிடிக்கு மேலே மூங்கிலின் மீதே மையால் நிறுவனப் பெயரை எழுதி வார்னிஷ் பூசுவது அங்கே வழக்கம். அமெரிக்கக் கைவினைஞர்களும் அதே இடத்தில்தான் எழுதினார்கள்: செய்தவர் பெயர், நீளம், எந்தக் கன நரம்புக்கு ஏற்றது என்பது. வேடிக்கை என்னவென்றால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர்கள் சீவிய மூங்கில் நம் பக்கத்திலிருந்து போனது. கல்கத்தா மூங்கில் என்றே அதற்குப் பெயர். பல தண்டுகளில் நெருப்பில் சுட்ட கருந்தழும்பு இருக்கும். பிறகுதான் தென்சீனத்து மூங்கில் அந்த இடத்தைப் பிடித்தது. மதராஸ் சிவில் சர்வீஸில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், இந்தியாவில் தூண்டில் போடுவதைப் பற்றியே ஒரு தடித்த புத்தகம் எழுதி 1873-இல் மங்களூரில் அச்சிட்டார். துரைமார்களின் கம்புகளில் எல்லாம் கம்பெனிப் பெயர். அதே ஆற்றில் அதே மூங்கிலை வெட்டித் தூண்டில் போட்ட நம்மவர் கம்புகளில் எழுத்தே இல்லை. போன வாரம் வெட்டியது, அடுத்த வாரம் அடுப்புக்குப் போகும். அதற்கு எதற்குப் பெயர்?

நான் கொண்டுபோன கம்பு கதை வேறு. ஆழ்வார்குறிச்சியில் இருக்கும் அத்தானுக்காகச் சென்னையில் வைத்துக் கட்டியது. வெற்றுக் கம்பை வாங்கி, நரம்பு ஓடும் வளையங்களை நூலால் சுற்றிக் கட்டி, தக்கைப் பிடி கோத்து ஒப்பேற்றுவது எனக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை. அத்தான் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கரும்பலகையில் அவர் எழுதிய திருக்குறளை அழிக்க மனமில்லாமல் கணக்கு வாத்தியார் மூலையில் ஒதுங்கிக் கணக்குப் போடுவாராம். அவருக்கான கம்பில் ஆங்கில எழுத்து வேண்டாம் என்று நினைத்தேன். தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது.

கைப்பிடிக்கு மேலே என் கம்பின் விட்டம் 10 மி.மீ. சுற்றளவு 31 மி.மீ. உருட்டாமல் ஒரே பார்வையில் கண்ணுக்குப் படுவது அதில் மூன்றில் ஒரு பங்குதான்; ஓரங்கள் வளைந்து மறைவதையும் கழித்தால் எழுத்து நிற்க 6 மி.மீ. உயரம்கூடத் தேறாது. ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்கு இது பெரிய மைதானம். அவை தலையும் காலும் நீட்டாதவை. தமிழ் எழுத்து அப்படியா? மேலே விசிறியும் புள்ளியும், கீழே வளைந்து இறங்கும் உகரக் கால். 'ஆழ்வார்குறிச்சி'யை எழுதிப் பாருங்கள். எட்டு எழுத்து, மூன்று புள்ளி, இரண்டு மேல்விசிறி, 'கு'வுக்குக் கீழே இறக்கம், போதாததற்கு 'ழ', 'ற' என்று காலை நீட்டுகிற ஆட்கள். மேலுக்கும் கீழுக்கும் இடம் விட்டால் எழுத்தின் உடம்புக்குக் கிடைப்பது 3 மி.மீ. புள்ளி அரை மில்லிமீட்டருக்கும் கீழே போய்விடுகிறது. பூச்சு சற்றுத் தடித்தால் அதில் மூழ்கிவிடும்; குமிழி ஒன்று வந்து நின்றால் எது புள்ளி எது குமிழி என்று தெரியாது. ஓலையில் எழுதியவர்கள் புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். படிக்கிறவர் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கை. தூண்டில் கம்பைப் படிக்கிறவரிடம் அவ்வளவு தமிழை எதிர்பார்க்க முடியாது.

முன்னெச்சரிக்கையாக ஒட்டுப்படமும் அச்சடித்துக் கொண்டுபோயிருந்தேன். சின்ன வயதில் தண்ணீரில் நனைத்துக் கையில் ஒட்டிக்கொள்வோமே, அதே சாதி. அதற்கென்று விற்கும் தாளில் கம்ப்யூட்டரிலிருந்து அச்சிட வேண்டும். இங்க்ஜெட் மை தண்ணீரில் ஓடிவிடும் என்பதால் மேலே ஒளிபுகும் அக்ரிலிக் தெளிப்பை அடித்துக் காயவிட வேண்டும். பிறகு எழுத்தை ஒட்டி நறுக்கி, நனைத்து, படலம் வழுக்கத் தொடங்கியதும் கம்பின் மீது நகர்த்தி, அடியில் சிக்கிய தண்ணீரையும் காற்றையும் நெட்டித் தள்ள வேண்டும். வெளிர் நிறக் கம்பில் கறுப்பு எழுத்து என்றால் அழகாக வரும். என் கம்போ அடர் பச்சை. வீட்டு அச்சுப் பொறியில் வெள்ளை மை என்ற ஒன்றே கிடையாது. வெள்ளை என்றால் அதற்குத் தாளின் வெள்ளைதான். ஒளிபுகும் படலத்தில் அச்சிட்ட மஞ்சள் எழுத்து அடர்ந்த கம்பில் ஒட்டியதும் காணாமல் போகும். வெள்ளைப் படலத்தில் அச்சிட்டால் எழுத்தைச் சுற்றி வெள்ளைப் பட்டை தெரியும். அது பெயராக இருக்காது, மருந்துப் புட்டியின் சீட்டாக இருக்கும்.

டவுனிலிருந்து அம்பாசமுத்திரம் போகிற பஸ்ஸில் ஏறிப் பத்தமடையில் இறங்கினேன். பையிலிருந்த கேள்விக்குப் பதில் இங்கே கிடைக்கும் என்று தோன்றியது. எழுத்து எழுதவே முடியாத பொருளில் எழுத்தை ஏற்றியவர்கள் இந்த ஊர்க்காரர்கள். சுவாமி சிவானந்தர் 1887-இல் பிறந்த ஊர் என்று சாலையில் அறிவிப்பு இருக்கும். ஆனால் பத்தமடை என்றதும் யாருக்கும் பாய்தான் ஞாபகம் வரும்.

தாமிரபரணிக் கரையிலும் வாய்க்கால் ஓரங்களிலும் வளரும் கோரைதான் மூலப்பொருள். பச்சையாக அறுத்து, காயவைத்து, தண்டைக் கீறி, உள்ளே இருக்கும் சோற்றை வழித்து எடுத்துவிட்டு, கட்டுக் கட்டாக ஆற்றின் ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போடுவார்கள். தேங்கிய தண்ணீர் உதவாது, ஓடுகிற தண்ணீர்தான் வேண்டும். ஊறி உப்பியதை மறுபடி காயவைத்து, மறுபடி கீறி, நூலை எட்டும் அளவுக்கு மெலிய வைக்கிறார்கள். முரட்டுப் பாய்க்கு இவ்வளவு பாடில்லை. பட்டுப் பாய்க்குத்தான் இந்தப் பக்குவம். அதில் 100 முதல் 140 வரை இழை எண்ணிக்கை போகும். ஒரு நல்ல பாய் முடிய ஒரு மாதமும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். நெய்கிறவர்கள் பெரும்பாலும் இஸ்லாமியப் பெண்கள். வீட்டுத் திண்ணையிலோ கூடத்திலோ தரையோடு தரையாகப் பாவு விரித்து, அதன் மேலேயே உட்கார்ந்து நெய்கிறார்கள். எலிசபெத் ராணியின் முடிசூட்டுக்கு இங்கிருந்து பாய் போனது என்ற கதையைப் பத்தமடையில் கேட்காமல் யாரும் திரும்ப முடியாது.

எனக்கு வேண்டியது கல்யாணப் பாய். மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், கல்யாணத் தேதி எல்லாம் பாயிலேயே நெய்து வரும். முகூர்த்தத்துக்கு வெகு நாள் முன்பே பெயரை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பிறகு ஜாதகம் மாறினாலும் பாய் மாறாது. குறுக்கே ஓடுவது கோரை, நெடுக்கே நிற்பது நூல். எந்த எழுத்தானாலும் இந்தக் கட்டங்களுக்குள் உடைந்துதான் ஆக வேண்டும். ஆங்கில எழுத்தில் பெயர் கேட்டு வருகிறவர்களும் உண்டு. நேர்கோட்டு எழுத்துகள் கட்டத்துக்கு அடங்கியவை. தமிழின் வளைவு ஒவ்வொன்றும் படிக்கட்டாக ஏறி இறங்க வேண்டும்.

ஒரு வீட்டில் பாதி நெய்த பாயைப் பார்க்க விட்டார்கள். அந்த அம்மாவின் முன்னால் பெயர் எழுதிய துண்டுச் சீட்டு கிடந்தது. பார்வை அதில் அதிகம் போகவில்லை. கை எண்ணிக்கொண்டே போனது. புள்ளி எப்படி வருகிறது என்று கேட்டேன். சிரித்துவிட்டு, முடிந்த ஓர் எழுத்தைக் காட்டினார். புள்ளி வட்டமாக இல்லை. ஒரு சின்னச் சதுரம், எழுத்தை விட்டுத் தள்ளி, தாராளமான இடைவெளியோடு மேலே நின்றது. "ஒட்டி வச்சா எழுத்தோட போயிரும். தள்ளி வச்சாத்தான் அது புள்ளி" என்றார். இந்த இரண்டு வாக்கியத்துக்காகவே பத்தமடையில் இறங்கியிருக்கலாம். புள்ளியைப் பெரிதாக்கத் தேவையில்லை. தனியாக நிறுத்தினால் போதும். கம்ப்யூட்டர் எழுத்துருக்கள் அப்படிச் செய்வதில்லை. இடத்தை மிச்சம் பிடிக்கப் புள்ளியை எழுத்தின் தலையோடு ஒட்டி வைத்திருக்கின்றன.

யார் யாரோ பெயரை வருஷக்கணக்கில் நெய்கிற அந்தக் கைகளின் பெயர் எந்தப் பாயிலும் இல்லை. பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. செய்தவர் பெயர் போட வேண்டிய இடத்தில் ஊரின் பெயர் வந்து நின்றுகொண்டது என்று வைத்துக்கொள்ளலாம். அது நெய்கிறவர்களின் கூலியை எவ்வளவு உயர்த்தியது என்பதை அவர்களிடம் கேட்டால் பேச்சு வேறு பக்கம் போகிறது.

அடுத்த பஸ் சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று நின்று நின்று போனது. கல்லிடைக்குறிச்சியில் பஸ் நின்றால் அப்பளம் வாங்காமல் இருக்க முடியுமா? வாங்கினேன். ஆற்றைக் கடந்தால் அம்பாசமுத்திரம்.

அம்பையில் மரக் கடைசல் வேலைக்குப் பழைய பேர் உண்டு. பெண் குழந்தைகள் விளையாடும் மரச் சொப்பு, தொட்டில் கட்டை, பம்பரம் எல்லாம் இங்கே கடைந்தவை. சுழலும் மரத்தின் மீது அரக்கை அழுத்தினால் உராய்வின் சூட்டில் உருகி நிறம் மரத்தில் ஏறிக்கொள்ளும். சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று வளையம் வளையமாக. எழுத்து கிடையாது, கோடுதான். ஆனால் உருண்டைப் பொருளை அலங்கரிக்கும் வழி இவர்களுக்கு நன்றாகத் தெரியும்: பொருள் சுழல வேண்டும், கை அசையாமல் நிற்க வேண்டும். தூண்டில் கம்பில் நூல் சுற்றுவதும் அதே முறைதான். கைப்பிடியின் அடியில் மாட்ட ஒரு மரக் குமிழ் கடைந்து வாங்கினேன். கடைசல்காரர், எதற்கு என்று தெரிந்ததும், மீன் வழுக்காமல் இருக்கக் குமிழில் இரண்டு வரி கூடுதலாகப் போட்டுத் தந்தார். மீன் அந்தப் பக்கம் இருக்கும் என்று நான் விளக்கவில்லை.

இதே அம்பாசமுத்திரத்தில் கிடைத்த வரகுண பாண்டியனின் கல்வெட்டு ஒன்று உண்டு. வட்டெழுத்து. கோயிலுக்கு அரசன் கொடுத்த 290 காசை இளங்கோக்குடிச் சபையார் முதலாக வைத்துக்கொண்டு, காசுக்கு இரண்டு கலம் வீதம் ஆண்டுக்கு 580 கலம் நெல் அளக்க வேண்டும் என்ற ஏற்பாட்டைச் சொல்வது. கணக்கு எனக்கு முக்கியமில்லை. அந்த எழுத்தின் படத்தைப் பார்த்திருக்கிறேன்: மூலையே இல்லாத எழுத்து, கை எடுக்காமல் உருண்டு உருண்டு போவது. பாண்டிய நாட்டில் சோழர் ஆட்சி வந்த பிறகு மெல்ல மெல்லத் தமிழ் எழுத்து அதன் இடத்துக்கு வந்தது. ஒருவேளை வட்டெழுத்தே நிலைத்திருந்தால் தூண்டில் கம்பில் எழுத எவ்வளவு வசதியாக இருந்திருக்கும் என்று பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தேன். மீன் பிடிக்கிறவன் வரலாற்றை இப்படித்தான் பார்ப்பான்.

அம்பையிலிருந்து தென்காசிச் சாலையில் ஆழ்வார்குறிச்சி கொஞ்ச தூரம்தான். மேற்கே மலை நெருங்கி வந்துவிடும். ஆனி, ஆடி மாதங்களில் வெயிலும் சாரலும் மாறி மாறி அடிக்கும். சிவசைலத்துக்குப் பின்னால் மலையிலிருந்து இறங்கும் கடனா நதிதான் இந்த ஊர் வயல்களின் ஜீவன். அதன் அணையின் முழு நீர்மட்டம் 85 அடி. அணையில் எத்தனை அடி என்பது இங்கே காலை வணக்கத்துக்குப் பதிலாகச் சொல்லப்படும் செய்தி. ஆறு மேலும் ஓடித் திருப்புடைமருதூரில் தாமிரபரணியோடு சேர்கிறது. மலைக்குள் களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகம். அங்கே தூண்டிலுக்கு இடமில்லை. பாபநாசம் படித்துறையில் மீனுக்குப் பொரி போடலாம், முள் போடக் கூடாது. தூண்டில் போடுகிறவர்களுக்கு மிச்சம் இருப்பவை குளங்களும் கால்வாய்களும்தான். குளங்களில் மீன்பாசி குத்தகை உண்டு, ஏலம் எடுத்தவரின் ஆள் கரையில் இருப்பான். அவனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்கார வேண்டும். கிடைப்பது பெரும்பாலும் ஜிலேபிக் கெண்டை. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த வெளிநாட்டு மீன், இன்றைக்கு நம்ம ஊர் மீன்களைத் தள்ளிவிட்டு எல்லாக் குளத்திலும் குடியேறிவிட்டது. கெளுத்தியும் விராலும் கிடைத்தால் அன்றைக்கு அதிர்ஷ்டம்.

அத்தான் கம்பை வாங்கி உதறிப் பார்த்தார். வளைவு பிடித்தது. ஒட்டுப்படத்தைக் காட்டினேன். சென்னையில் அச்சிட்டது அவர் பெயர், எல்லா எழுத்தும் சரியாக, எல்லாப் புள்ளியும் வட்டமாக. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"பஸ் டிக்கெட்ல அடிச்ச மாதிரி இருக்கு மாப்ள."

"கையால எழுதலாம் அத்தான். நீங்களே எழுதுங்க."

"எம் பேர நானே எழுதவா? கல்யாண வீட்டுல மொய் எழுதுத மாதிரில்லா இருக்கும். செஞ்சவன் நீ, ஒம் பேரப் போடு."

ஹார்டிக்காரன் தன் பெயரைத்தான் போட்டான் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்ல மனம் வரவில்லை. கொடுக்கிற பொருளில் என் பெயரை எழுதினால் அவர் ஒவ்வொரு தடவை குளத்துக்குப் போகும்போதும் நானும் கூட வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். இருவருமே பெயரை மற்றவர் பக்கம் தள்ளிக்கொண்டு காபி முடித்தோம்.

இந்த ஊரில் பெயர் விஷயத்தில் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. அமால்கமேஷன்ஸ் குழுமத்தைக் கட்டிய எஸ். அனந்தராமகிருஷ்ணன் ஆழ்வார்குறிச்சிக்காரர். 1840-இல் சென்னையில் வண்டி கட்டும் பட்டறையாகத் தொடங்கிய சிம்சன் கம்பெனி அவர் கைக்கு வந்தது. அதற்கு அவர் தன் பெயரை வைக்கவில்லை. சிம்சன் சிம்சனாகவே இருந்தது. அவர் குடும்பத்தார் ஊரில் நிறுவிய பள்ளிக்கும் கல்லூரிக்கும் சிவசைலத்து அம்மன் பரமகல்யாணியின் பெயர். அத்தான் படித்ததும் அந்தப் பள்ளியில்தான். அதனாலோ என்னவோ, ஊர்ப் பெயரை எழுதிவிடலாம் என்று அவர் சொன்னபோது விவாதம் ஓய்ந்துவிட்டது. மூன்று புள்ளி, இரண்டு விசிறி, நீண்ட கால்களோடு நான் பயந்த அதே எட்டு எழுத்து.

வேலை மறுநாள் காலையில். எழுதப்போகும் இடத்தில் மெல்லிய பூச்சு ஒன்றை முந்தின இரவே போட்டுக் காயவைத்திருந்தோம். அந்தப் பூச்சின் மேல் எழுதினால் பிசகியதை ஈரம் காய்வதற்குள் பஞ்சால் துடைத்துவிடலாம். வெறும் கம்பின் மேல் எழுதினால் மை நுண்ணிய வரிகளுக்குள் இறங்கிக் கறையாகும். இரண்டு அட்டைப் பெட்டிகளில் 'வி' வடிவில் வெட்டி அதில் கம்பைப் படுக்க வைத்தோம். கம்பின் மேல்மட்டத்துக்குச் சமமாகப் புத்தகங்களை அடுக்கி அதன் மேல் ஒரு பலகை. கை அதில் படிய வேண்டும். கையைத் தொங்கவிட்டு உருண்டைப் பொருளில் எழுத யாராலும் முடியாது. அடிக்கோட்டுக்குப் பென்சில் வேண்டாம்; மெல்லிய ஒட்டு நாடாவைக் கம்பின் நீளவாக்கில் ஒட்டினால் அதன் ஓரமே கோடு.

மார்க்கர் பேனாவை எடுத்தேன். அத்தான் வேண்டாம் என்றார். அது நியாயம்தான், பல மார்க்கர் மைகள் மேல்பூச்சு பட்டதும் கரைந்து கலங்கிவிடும். பழைய ஜாமெட்ரி பெட்டி ஒன்றிலிருந்து தொட்டெழுதும் நிப்புகளை எடுத்தார். பள்ளிக்கூட நாட்களில் இந்தியன் இங்க்கில் தேசப்படம் வரையப் பயன்பட்டவை. மை மட்டும் வெள்ளை அக்ரிலிக். சட்டென்று நிப்பிலேயே காய்ந்துவிடும் சுபாவம் அதற்கு. இரண்டு எழுத்துக்கு ஒருமுறை தண்ணீரில் கழுவித் துடைக்க வேண்டியிருந்தது.

முதலில் தாளில் எழுதிப் பார்த்தார். பத்தமடையில் கேட்டதைச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு எழுத்தின் உடம்பை இன்னும் சுருக்கினார். புள்ளிக்கு மேலே தனி வரி மாதிரி ஓர் இடம் ஒதுக்கினார். 'ழ'வின் காலை வழக்கமாக வளைத்து இழுப்பவர், இங்கே கம்பின் நீளவாக்கில் படுக்கவைத்துவிட்டார். கீழே இறங்க இடமில்லை, பக்கவாட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கிறதே. 'கு'வின் இறக்கத்தையும் அப்படியே அடுத்த எழுத்தின் அடியில் ஓடவிட்டார். அச்சு எழுத்தால் இது முடியாது. ஒவ்வோர் எழுத்தும் தன் கட்டத்தை விட்டு வெளியே வராது என்று அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கை எழுத்து பக்கத்து வீட்டு நிலைமையைப் பார்த்துக் காலை மடக்கும்.

கம்பில் எழுதும்போது அவர் பேசவில்லை. மூச்சைக்கூட எழுத்துக்கு எழுத்து விட்டார். 'றி' ஒருமுறை தடித்து, துடைத்து, மறுபடி எழுதப்பட்டது. எழுத்தெல்லாம் முடிந்த பிறகு கடைசியில்தான் புள்ளி. நிப்பால் வைக்கவில்லை, குண்டூசியின் கொண்டையை மையில் தொட்டு மூன்று இடத்தில் ஒற்றி எடுத்தார். மூன்றும் ஒரே அளவு.

மை நன்றாகக் காய்ந்த பிறகு மேல்பூச்சுக்கு ஈபாக்சி பிசின். இரண்டு குப்பியிலிருந்தும் சம அளவு எடுத்துக் கலக்க வேண்டும். அளவு பிசகினால் என்றைக்கும் பிசுபிசுப்பு போகாது. தேன் பதத்தில் இருக்கும். பூசியதும் கம்பு சுழன்றுகொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பூச்சு ஒரு பக்கம் வடிந்து தொங்கிவிடும். இதற்கு நான் வைத்திருப்பது பழைய மைக்ரோவேவ் அடுப்பின் தட்டைச் சுழற்றிய மோட்டார்; நிமிஷத்துக்கு ஐந்தாறு சுற்று, அவ்வளவுதான் வேண்டும். சாரல் நேரம் என்பதால் கதவைச் சாத்தி, அறையில் ஒரு குண்டு பல்பைப் போட்டு வைத்தோம். ஈரக் காற்றில் காயும் ஈபாக்சி பால் கலந்த மாதிரி மங்கிவிடும். பூசி அரை மணி நேரம் ஆகியிருக்கும். கரண்ட் போனது.

பிறகு நடந்ததற்குத் தொழில்நுட்பப் பெயர் எதுவும் இல்லை. அத்தானும் நானும் மாறி மாறிக் கம்பைக் கையால் உருட்டினோம். அக்கா மெழுகுவர்த்தியோடு வந்து பார்த்தாள். இரண்டு பெரிய மனிதர்கள் இருட்டில் உட்கார்ந்து ஒரு குச்சியைத் திருப்பிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள். பேச நிறைய நேரம் இருந்தது. ஊரில் சுவர் விளம்பரம் எழுதியவர்கள் எல்லாம் ஃபிளெக்ஸ் வந்ததும் பெயிண்ட் டப்பாவை மூடிவிட்டு வேறு வேலைக்குப் போனதைச் சொன்னார். அவர்களில் இரண்டு பேர் அவரிடம் படித்தவர்கள். கோயில் கொடைக்குச் சுவரில் எழுதும்போது சுவரின் நீளத்தை நடந்தே அளந்து, முதல் எழுத்தை எழுதும் முன்பே கடைசி எழுத்து எங்கே விழும் என்று சொல்லிவிடுவார்களாம். கரண்ட் வந்தபோது பூச்சு இறுகத் தொடங்கியிருந்தது. புள்ளிகள் மூன்றும் எழுத்தை விட்டுத் தள்ளி அதனதன் இடத்தில் இருந்தன.

ஈபாக்சி தொட்டால் ஒட்டாமல் இருக்க ஒரு நாள் போதும். முழுசாக உறுதிப்பட இன்னும் சில நாள் வேண்டும். அதுவரை நான் அங்கே இருக்க முடியாது. அத்தான் தன் பழைய மூங்கில் கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைக் கால்வாய்க்குக் கூட்டிப்போனார். மண்புழுவுக்கு நாலைந்து ஜிலேபி விழுந்தது. அக்கா புளி ஊற்றிக் குழம்பு வைத்தாள்.

புதுக் கம்பு குளத்துக்குப் போன சேதி பிறகு போனில் வந்தது. குத்தகைக்காரரின் ஆள் கிட்டே வந்து, கம்பை வாங்கி, எழுத்துக் கூட்டி வாசித்திருக்கிறான். புள்ளி உள்பட எல்லாம் சரியாக வாசித்தானாம். பிறகு அத்தானிடம் கேட்டிருக்கிறான்: "நம்மூர்ல ராடு கம்பெனி வந்துட்டா சார்? சொல்லவே இல்லியே?"

"வந்துட்டு" என்றிருக்கிறார் அத்தான்.

"எம் மவன் ஐ.டி.ஐ. முடிச்சிட்டுச் சும்மாதான் இருக்கான். ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுங்க."